ராபர்ட் ஸ்மால்ஸ் போடாத கையெழுத்து



அமெரிக்காவில் அடிமை விடுதலை என்றதும் நமக்கு லிங்கன் பெயர்தான் வாயில் வரும். லிங்கன் காலத்திலேயே தன் விடுதலையைத் தானே எடுத்துக்கொண்ட ஒருவரைச் சொல்ல வந்திருக்கிறேன். ராபர்ட் ஸ்மால்ஸ். தென் கரோலினாவில் 1839-இல் அடிமையாகப் பிறந்தவர்.

1862 மே 13. உள்நாட்டுப் போர். சார்ல்ஸ்டன் துறைமுகத்தில், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாநிலங்களின் ‘பிளான்டர்’ கப்பல் நிற்கிறது. வெள்ளை அதிகாரிகள் இரவு தங்கக் கரைக்குப் போய்விட்டார்கள். சுக்கான் பிடிப்பவர் நம் ஸ்மால்ஸ், வயது 23. விடியுமுன்னே கப்பலைக் கிளப்பினார். வேறொரு துறையில் காத்திருந்த மனைவி மக்களை ஏற்றிக்கொண்டார். தலையில் யார் தொப்பி? கேப்டனின் வைக்கோல் தொப்பி! துறைமுகத்தைக் காத்த சம்டர் கோட்டைக்கு எதிரே கேப்டனைப் போலவே நின்று, ஊத வேண்டிய விசிலைப் பிசகாமல் ஊதினார். காவலர்கள் விட்டுவிட்டார்கள். பீரங்கி எட்டாத தூரம் போனதும் படுக்கை விரிப்பை வெள்ளைக் கொடியாக ஏற்றி, லிங்கன் தரப்புக் கடற்படையிடம் கப்பலை ஒப்படைத்தார். அவரோடு சேர்த்து 16 பேருக்கு விடுதலை.

கைதட்டுங்கள், தகும். ஆனால் என்னைக் கேட்டால், அவர் செய்ததில் பெரியது இதுவல்ல.

அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதே தென் கரோலினாவில் அன்று குற்றம். விடுதலைக்குப் பிறகுதான் அவர் படிக்கக் கற்றார். அப்படிப்பட்டவர் 1868-இல் மாநில அரசமைப்பை எழுதும் அவையில் உட்கார்ந்து என்ன கேட்டார்? எசமான்களைப் பழிவாங்க வழி கேட்டாரா? எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி கேட்டார். அது சட்டமாயிற்று. பிறகு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கும் ஐந்து முறை போனார்.

1895-இல் அந்த மாநிலத்து வெள்ளையர் மறுபடி அரசமைப்பை எழுத அவையைக் கூட்டினார்கள், கறுப்பரின் வாக்கைப் பறிப்பதற்காகவே. வாக்கு வேண்டுமா, அரசமைப்பில் ஒரு பகுதியைப் படித்துக் காட்டு என்று விதி வைத்தார்கள். படிக்கவிடாமல் அடித்த கூட்டம், படிப்பைச் சொல்லியே கதவைச் சாத்தியது! அவையில் கறுப்பர் ஆறே பேர். ஸ்மால்ஸ் எதிர்த்துப் பேசினார், தோற்றார். அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

இன்றிரவு உங்கள் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். கப்பலோடு நிறுத்திவிடாதீர்கள், 1895 வரைக்கும் சொல்லுங்கள்.