தீயணைப்பு வீரர் நேர்முகப் பரீட்சைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு

(சங்கத்தின் இளைஞர் பிரிவு நடத்திய வேலைவாய்ப்பு வழிகாட்டல் வகுப்பில் ஆற்றிய உரை)



ஞாயிற்றுக்கிழமை, மழை வேறு. கிழமையில் கிடைக்கிற ஒரு நாளையும் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். காலையிலிருந்து மூன்று நான்கு பேர் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, சங்கத்தில இருந்து ஒரு கடிதம் கிடைக்குமா?" என்று கேட்டீர்கள். கிடைக்காது. ஒரு காலத்தில் நாங்களும் அப்படிக் கடிதம் எழுதிக் கொடுத்தோம், அதை மறைக்கவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வேறு எந்த ஆயத்தமும் இல்லாமல் போன பிள்ளைகள் முகம் வாடித் திரும்பி வந்ததையும் பார்த்தோம். நம்மைவிடப் பெரிய இடத்துக் கடிதம் வைத்திருப்பவன் பக்கத்துக் கதிரையில் இருப்பான். அந்தப் போட்டியில் நாம் ஜெயிக்கப் போவதில்லை.

கடிதத்துக்குப் பதிலாக உங்கள் பத்திரங்களைச் சரிபார்க்க எங்களால் முடியும். தோட்டத்துப் பிள்ளைகள் முதலில் தடுக்கி விழுகிற இடம் அதுதான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, பாடசாலை விடுகைப் பத்திரத்தில் மூன்றாவது ஒன்று. அந்தக் காலத்தில் பிறப்பைப் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதியதற்கு இன்று நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைப் பரீட்சைக்கு முதல் நாள் கண்டுபிடித்து ஒன்றும் செய்ய முடியாது. பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவு இருக்கிறது, திருத்த விண்ணப்பத்தை இப்போதே கொடுங்கள். அதற்குள் தேவைப்பட்டால், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளுங்கள். லயம் எரிந்து பத்திரமெல்லாம் போன வீட்டுப் பிள்ளைகளும் இங்கே இருக்கிறீர்கள். நீங்கள் இன்றே பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள், உங்களோடு நாங்கள் செயலகத்துக்கு வருவோம்.

அடுத்தது விலாசம். லயத்துக்கு வீட்டு இலக்கம் கிடையாது, கடிதம் தோட்டத்து ஒபிசுக்குப் போய்த்தான் நம் கைக்கு வரும். போன முறை ஒரு தம்பிக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் கிடைத்தபோது திகதி முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. கடிதம் எங்கே கிடந்தது என்று கேட்டதற்கு யாரும் சரியான பதில் சொல்லவில்லை. அதைப் பற்றி நிர்வாகத்தோடு பேசுவது எங்கள் வேலை. உங்கள் வேலை, விண்ணப்பத்தில் டவுனில் இருக்கிற நம்பிக்கையான ஒருவரின் விலாசத்தையும் இரண்டு தொலைபேசி இலக்கத்தையும் எழுதுவது. விண்ணப்பித்த பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு தடவையாவது சபைக்கு நேரில் போய் அறிவித்தல் பலகையைப் பாருங்கள்.

"தீயணைப்புச் சேவை யாருக்குக் கீழே இருக்கிறது?" என்று கேட்டால், பொலிசுக்குக் கீழே என்று சொல்லிவிடாதீர்கள். நம் நாட்டில் அது உள்ளூராட்சி மன்றங்களின் வேலை. கொழும்பு, கண்டி, நுவரெலியா போன்ற இடங்களில் மாநகர சபை நடத்துகிறது. அவசர இலக்கம் 110. தீ மட்டும்தான் வேலை என்றும் நினைக்கக்கூடாது. வாகன விபத்து, வெள்ளம், மண்சரிவு என்று எல்லாவற்றுக்கும் அழைப்பு வரும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை இங்கே யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை.

இனி போன கிழமை நடத்திய ஒத்திகையில் நடந்ததைச் சொல்கிறோம். நாங்கள் மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரிகள் மாதிரி உட்கார்ந்து, "இந்த வேலைக்கு ஏன் வர விரும்புகிறீர்?" என்று கேட்டோம். ஒரு தம்பி எழுந்து, "சேர், குடும்பக் கஷ்டம். அப்பாவுக்கு ஏலாது. அரசாங்க வேலைன்னா பென்சன் இருக்கு" என்றார். உண்மைதான், ஆனால் வருகிற எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். ஐம்பதாவது ஆளிடம் அதைக் கேட்கும்போது அதிகாரி மணிக்கூட்டைப் பார்ப்பார். எங்களுக்கே கொட்டாவி வந்தது.

பிறகு, தீயைக் கிட்ட இருந்து பார்த்திருக்கிறாயா என்று கேட்டோம்.

"எங்க லயம் எரிஞ்சப்போ பார்த்தேன். மேல ஏறி ரெண்டு காம்பரா தள்ளித் தகரத்தைக் கழட்டுனேன்."

"யாரு சொல்லிக் கழட்டுன?"

"யாரும் சொல்லல அண்ணே. நெருப்பு கூரைக்குக் கீழால ஓடி வந்துச்சு. அந்த எடத்துல தகரமும் மரமும் இல்லாட்டி நின்னுரும்னு நெனச்சேன்."

நின்றது. தீயணைப்பு வண்டி வந்து சேர ஒன்றரை மணித்தியாலம் ஆனது. அதற்குள் அந்தத் திறந்த இடத்துக்கு அப்பால் இருந்த குடும்பங்களின் சாமான் தப்பிவிட்டது. இதைச் சொல்லாமல் பென்சனைச் சொன்னார்! அந்தத் தம்பி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், பெயரைச் சொல்லி வெட்கப்படுத்தவில்லை.

அவர் செய்தது என்ன? பழைய லயங்களில் பல இடத்தில் காம்பராக்களுக்கு இடையிலுள்ள சுவர் கூரைவரை போவதில்லை. ஒரு அடுப்பில் பிடித்த தீ கூரைக்குக் கீழே உள்ள வெளி வழியாகக் கடைசிக் காம்பராவரை ஓடும். தீக்கு மூன்று வேண்டும்: எரிகிற பொருள், சூடு, காற்று. ஒன்றை எடுத்தால் தீ நிற்கும். தண்ணீர் சூட்டை எடுக்கிறது, ஈரச்சாக்கு காற்றை எடுக்கிறது, அந்தத் தம்பி எரிகிற பொருளை எடுத்தார். காட்டுத்தீக்குப் புல்லை வெட்டி இடைவெளி விடுகிறோமே, அதே கணக்குத்தான். புத்தகத்தில் படித்து ஒப்புவிப்பதைவிட இப்படிச் சொன்னால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

ஆனால் அதோடு முடியாது. அனுபவமுள்ள அதிகாரி அடுத்ததாக, "நீர் அன்று செய்த பிழை என்ன?" என்று கேட்பார். அவர் மெயின் சுவிட்சை யாராவது அணைத்தார்களா என்று பார்க்காமல் தகரத்தில் ஏறினார். வயர் உருகித் தகரத்தில் பட்டிருந்தால் ஆள் அங்கேயே முடிந்திருப்பார். மேலே ஏறுவதாகக் கீழே ஒருவரிடமும் சொல்லவுமில்லை. இதை நீங்களே சொல்லிவிடுங்கள். "உயிரைக் கொடுத்தாவது உள்ளே பாய்வேன்" என்று வீரம் பேசுகிறவனை எந்தத் தீயணைப்பு அதிகாரியும் விரும்பமாட்டார், அவனைத் தூக்கிவர இன்னும் இரண்டு பேர் உள்ளே போக வேண்டிவரும். தனியாக உள்ளே போகக்கூடாது, பொறுப்பாளர் சொன்னால்தான் போகவேண்டும், வெளியே வா என்றால் வந்துவிடவேண்டும்.

கேஸ் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். சமையல் கேஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையோடு தங்கும். மணம் வந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, ஆட்களை வெளியேற்றவேண்டும். லைட் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றக்கூடாது, அடுப்பை அணைத்து மூடியால் மூடவேண்டும். புகை நிறைந்த அறையில் குனிந்து, தேவையானால் தவழ்ந்து போகவேண்டும்.

மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விசேஷக் கேள்வி. ஓடையிலிருந்து பம்ப் தண்ணீரை எவ்வளவு உயரம் உறிஞ்சும்? கடல்மட்டத்தில் கணக்குப்படி ஏறத்தாழ 10 மீட்டர், நடைமுறையில் 7, 8 மீட்டர்தான். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றழுத்தம் குறைவு, அதனால் உறிஞ்சும் உயரமும் குறையும். உங்கள் தோட்டத்து ஓடை பாதையிலிருந்து எத்தனை அடி பள்ளத்தில் ஓடுகிறது, எந்த வளைவுக்கு மேல் பெரிய வண்டி திரும்பாது, இதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். கேட்காவிட்டாலும் சந்தர்ப்பம் பார்த்துச் சொல்லுங்கள்.

மொழி. சேவையில் சேரும் பரீட்சைக்குச் சிங்களத்திலோ தமிழிலோ தோற்ற அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சேர்ந்த பிறகு மற்ற மொழியை நியாயமான காலத்துக்குள் படிக்கச் சொல்ல அவர்களுக்கும் உரிமை உண்டு. ஆகவே தமிழில் பதில் சொல்லக் கூச்சப்படாதீர்கள், சிங்களம் படிக்கவும் சோம்பல் படாதீர்கள். கேள்வி விளங்காவிட்டால் தலையை ஆட்டாமல், "மட்ட தேருனே நெஹெ சேர், ஆயெத் கியன்ன" என்று கேளுங்கள். விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று அர்த்தம். நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தமிழர். நடுச்சாமத்தில் பதறிக்கொண்டு 110 க்கு எடுக்கிற அம்மா தமிழில்தான் அழுவார். அதைக் கேட்டு இடத்தைப் புரிந்துகொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பது சலுகை கேட்பதல்ல.

உடம்பு விஷயம். அறிவித்தலில் உயரம், மார்பளவு போட்டிருக்கும், விண்ணப்பிக்க முதல் அளந்து பாருங்கள். அரை அங்குலத்தால் திரும்பி வருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போது எங்களுக்குக் கோபம்தான் வருகிறது. 2016 ஆம் ஆண்டுக் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டங்களில் 32 சதவீதம். சம்பளப் பேச்சுவார்த்தை மேசையில் நாங்கள் இந்தக் கணக்கையும் வைக்கிறோம். ஏற்றத்தில் கொழுந்து மூட்டை தூக்கிப் பழகிய கால்கள் உங்களுடையவை, ஆனால் மைதானத்தில் நேரம் வைத்து ஓடுவது வேறு, அதைத் தனியாகப் பழகவேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் தெரியாது என்றே சொல்லுங்கள், தண்ணீரில் இறக்கிப் பார்த்தால் பொய் மிதக்காது. தங்கச்சிமாரும் தயங்கவேண்டாம், ஆண்களுக்கு மட்டும் என்று அறிவித்தலில் இல்லாவிட்டால் விண்ணப்பம் போடுங்கள்.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இதே மண்டபத்தில் மறுபடி ஒத்திகை வைக்கிறோம். மூலப் பத்திரங்களோடு இரண்டிரண்டு பிரதியும் கொண்டுவாருங்கள். கறுப்புக் களிசானும் சப்பாத்தும் இல்லாதவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், போன முறை போனவர்களிடம் வாங்கி வைத்திருக்கிறோம். ஆளுக்குப் பத்து முழக் கயிறும் வேண்டும், முடிச்சுப் போடப் பழகப் போகிறோம்.