மூக்கின்மேற் கோபம்

'அவருக்கு மூக்கின்மேற் கோபம்' என்பது நம்மவர் வழக்கு. இவ்வழக்கைத் தொடக்கி வைத்தவர் மனித முகத்தை நன்கு கவனித்தவராதல் வேண்டும். புருவம் நெரியும்போது கோடு விழுவது நெற்றியில் மாத்திரமன்று. மூக்குத் தொடங்கும் அந்தக் குழிந்த இடத்திலும் குறுக்காக ஒன்றிரண்டு மடிப்புகள் விழுகின்றன. இளமையிற் கோபம் தணிந்ததும் கோடும் மறைந்துவிடும். வயது ஏற ஏற, கோபம் போன பின்னரும் கோடு போவதில்லை. இதனால், சாந்தமே உருவான ஒருவரைப் பார்த்தும் 'என்ன, யாருடனும் மனத்தாங்கலோ?' என்று பிறர் வினவுகின்றனர். இக்கோட்டைப் போக்க வழியுண்டா என்று ஆண்களும் பெண்களும் வைத்தியரை நாடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். அதனை வெறும் அழகு மோகம் என்று தள்ளிவிடுதல் நியாயமாகாது.

நேயர்கள் கண்ணாடியின் முன் நின்று, வெயிலை நோக்குவதுபோலக் கண்களைக் கூசிப் பார்த்தால் இதன் சூத்திரம் விளங்கும். மூக்கெலும்பிலிருந்து மேல்நோக்கிச் சென்று, இரு புருவங்களுக்கும் இடையிலுள்ள தோலில் முடியும் சிறிய தசையொன்று உண்டு. வைத்திய நூல்கள் இதனைப் 'புரோசீரஸ்' என வழங்கும். இத்தசை சுருங்கும்போது நெற்றித் தோல் கீழே இழுபடுகிறது. தசை ஓடுவது மேலுங் கீழுமாக. ஆகவே தோல் மடிவது குறுக்காக. புருவத்தின் கீழுள்ள வேறொரு தசை பக்கவாட்டில் ஓடுவதால், அது புருவங்களுக்கிடையே நெடுங்கோடுகளை உண்டாக்கும். கருவாட்டு மணம் பிடியாதவர் மூக்கைச் சுருக்கும்போது மூக்கின் பக்கங்களில் விழும் கோடுகளோ மூன்றாவது தசை ஒன்றின் வேலை. எந்தத் தசையின் கோடு என்பதை அறியாமற் செய்யும் சிகிச்சை பயன் தராது. மூக்குக் கண்ணாடி அழுத்திய தழும்பைக் கோபக்கோடு என்று எண்ணி வருந்துவோரும் இல்லாமலில்லை. அதற்கு வேண்டியவர் வைத்தியரல்லர், கண்ணாடியைச் சரிசெய்பவரே.

இன்று இக்கோட்டுக்கு முதலிற் கூறப்படும் மருந்து ஒரு நஞ்சு. ஜெர்மனியின் வூர்ட்டம்பேர்க் நாட்டில், கெட்டுப்போன இறைச்சிக் குழலப்பங்களை உண்டோர் தசைகள் செயலிழந்து மாண்டதை 1820ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தவர் யுஸ்டினுஸ் கேர்ணர். அவர் வைத்தியர் மாத்திரமல்லர், பெயர்பெற்ற கவிஞருமாவார். அந்நஞ்சைத் தாமே சுவைத்துப் பார்த்ததோடு, அது என்றோ ஒருநாள் மருந்தாகவும் பயன்படலாம் எனவும் கருதினார். 1895இல் பெல்ஜிய நாட்டின் கிராமமொன்றில், மரணவீட்டுக்கு வாத்தியம் வாசிக்க வந்தவர்கள் பன்றித் தொடை இறைச்சியை உண்டு நோயுற்றனர், மூவர் இறந்தனர். அந்த இறைச்சியிலிருந்தே நஞ்சை உண்டாக்கும் கிருமியை வான் ஏர்மெங்கெம் என்னும் பேராசிரியர் பிரித்தெடுத்தார்.

நஞ்சு மருந்தான கதை கண் வைத்தியத்தில் தொடங்குகிறது. மாறுகண்ணைச் சீராக்க இதனை மிகச் சிறு அளவில் ஊசிமூலம் ஏற்றலாம் என்று காட்டியவர் அமெரிக்கரான டொக்டர் அலன் ஸ்கொட். 1987இல் கனடாவின் வன்கூவர் நகரில், இமைகள் தாமாக இறுக மூடிக்கொள்ளும் நோய்க்கு இவ்வூசியைப் பெற்றுவந்த பெண்மணி ஒருவர், இம்முறை புருவத்தருகே ஊசி போடவில்லையே என்று குறைப்பட்டார். அங்கே போட்டால் முகத்திற் கவலையே தெரிவதில்லையாம்! கண் வைத்தியரான ஜீன் கருதர்ஸ் இதனைத் தம் கணவரும் சரும வைத்தியருமான அலஸ்டெயருக்குத் தெரிவித்தார். இருவரும் ஆராய்ந்து 1992இல் கட்டுரை வெளியிட்டனர். புருவ நடுவிலுள்ள கோடுகளுக்கு இம்மருந்தைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2002இல் அனுமதி வழங்கியது. பொட்டொக்ஸ் என்னும் வியாபாரப் பெயர் அதன்பின் உலகெங்கும் பரவிற்று.

நரம்பு தசைக்கு இடும் கட்டளை ஓர் இரசாயனப் பொருளாகச் செல்கிறது. அப்பொருள் வெளிவராமல் இம்மருந்து தடுத்துவிடுகிறது. சில நாட்களில் தசை தளரும், மூன்று நான்கு மாதங்களில் மீண்டும் இயங்கும், கோடும் திரும்பும். மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினால் மேலிமை சிலவாரம் தாழ்ந்து நிற்கக்கூடும். கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும், தசை நலிவு நோயுள்ளோரும் இதனைத் தவிர்த்தல் வேண்டும். முகத்தை அசைக்காதபோதும் ஆழ்ந்து நிற்கும் கோட்டை இது மென்மையாக்குமேயன்றி முற்றாக அழிக்காது.

அத்தகைய ஆழ்ந்த கோட்டை உள்ளிருந்து நிரப்புவது மற்றொரு முறை. ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய வைத்தியர் சிலர் பள்ளமான மூக்குகளைப் பரபின் மெழுகை உருக்கி ஏற்றி உயர்த்தினர். மெழுகு கட்டிபட்டு முகங்கள் விகாரமாயின. சிலர் பார்வையையும் இழந்தனர். இன்று பயன்படும் ஹயலுரோனிக் அமிலக் கூழ் மெழுகைப் போலன்றிக் காலப்போக்கிற் கரையக்கூடியது. ஆயினும் முகத்தின் அமைப்பு மாறிவிடவில்லை. மூக்கின் அடியிலும் புருவ நடுவிலும் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் கண்ணுக்குச் செல்லும் குழாயோடு தொடர்புடையவை. ஊசிமுனை ஒரு குழாய்க்குள் நுழைந்து, கூழ் அழுத்தத்தோடு பின்னோக்கித் தள்ளப்பட்டால், அது விழித்திரையின் இரத்தத்தைத் தடுத்துவிடும். விழித்திரை அவ்வாறு நெடுநேரம் உயிர் தாங்காது. இழந்த பார்வை மீள்வது அரிது. இது எப்போதாவது நிகழ்வதே. எனினும் முகத்தில் இத்தகைய விபத்து நேரும் இடங்களுள் மூக்கும் புருவ நடுவுமே முன்னிற்பவை. ஆகையால், அனுபவமிக்க வைத்தியர் பலர் இவ்விடத்திற் கூழ் ஏற்ற மறுக்கின்றனர். மறுக்கும் வைத்தியரைத் திறமையற்றவரென்று எண்ணி, அழகு நிலையத்துக்குச் செல்வது பெருந்தவறு.

ஒளிக்கதிர்ச் சிகிச்சையும் உண்டு. நம்மைப் போன்ற கருநிறத் தோலில் அது கரும்புள்ளிகளை விட்டுச் செல்லக்கூடும் என்பதால், நிறத்தைக் கருதிக் கருவியையும் அளவையும் தெரிதல் வேண்டும். இரவிற் பூசும் ரெட்டினோயிட் களிம்பு பல மாதங்களில் சிறிது பயன் தரும். அதனையும் கர்ப்பிணிகள் பூசலாகாது. வெயிலிற் கண் கூசுபவர் தொப்பியோ நிறக்கண்ணாடியோ அணிவதும், பார்வை மங்கியவர் தக்க மூக்குக் கண்ணாடி பெறுவதும் செலவு குறைந்தவை. அவை அத்தசைக்கு நாள் முழுதும் வேலை கொடுப்பதைத் தவிர்க்கின்றன.

ஊசி போட்டுக்கொள்ளத் தீர்மானித்தவர், ஆசனத்தில் அமருமுன்னர் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். ஏற்றப்போவது தசையைத் தளர்த்தும் மருந்தா, பள்ளத்தை நிரப்பும் கூழா? கூழென்றால், அதனைக் கரைக்கும் ஹயலுரோனிடேஸ் என்னும் மருந்து அந்த அறையிலேயே ஆயத்தமாக இருக்கிறதா? இரண்டாவது கேள்விக்கு 'தேவைப்பட்டால் எடுப்பிக்கலாம்' என்று விடை வருமாயின், எழுந்து வந்துவிடலாம்.