ரிலே எதைச் சொல்ல வேண்டும்?

கட்டுரை வாசிக்க வந்தவர்களின் நேரத்தைத் தலைவர் தின்றுவிடுவது நம் மாநாடுகளின் பழைய வழக்கம் என்பதால் நேரே பொருளுக்கு வருகிறேன்.

ஒன்றையொன்று எட்ட முடியாத இரண்டு கருவிகள், நடுவில் ஒரு ரிலே. செய்தி மாற்றிக்கொள்ள வழக்கமான முறையில் நான்கு நேரக்கூறுகள் ஆகும். ஆல்ஸ்வீட், காய், லி, யுங் 2000-இல் தொடங்கிவைத்த நெட்வொர்க் கோடிங்கின் வழியில் ரிலே இரு செய்திகளையும் எக்ஸார் செய்து ஒரே முறையில் அனுப்பலாம், மூன்று போதும். 2006-இல் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் ஷெங்லி ஜாங், சூங் லியூ, பாட்ரிக் லாம் ஆகியோர் அதை இரண்டாக்கினார்கள். இருவரும் ஒரே நேரத்தில் அனுப்பட்டும், காற்றில் கலந்து வருவதிலிருந்தே ரிலே எக்ஸாரை எடுக்கட்டும் என்றார்கள்.

பிபிஎஸ்கே பண்பேற்றத்தில் இது எளிது. இருவரும் +1 அல்லது −1 அனுப்புகிறார்கள். ரிலேயில் +2 அல்லது −2 வந்தால் இரு பிட்டுகளும் ஒரே மாதிரி, 0 வந்தால் வேறு வேறு. யார் எதை அனுப்பினார் என்பது ரிலேக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். இங்கும் முடிவெடுக்கும் எல்லையைச் சரியாக ±1-இல் வைப்பது தவறு. 0 வர வாய்ப்பு பாதி; +2, −2 ஒவ்வொன்றுக்கும் கால்தான். அதனால் எல்லை 1-க்குச் சற்று வெளியே போகிறது.

சிக்கல் கியூபிஎஸ்கேயில் தொடங்குகிறது. இரு சிக்னல்களும் ஒரே வீச்சில், ஒரே கட்டத்தில் சேர்ந்தால் 16 சேர்க்கைகள் 9 புள்ளிகளாகச் சுருங்கும், பிட்டுக்குப் பிட்டு எக்ஸார் பொருந்தும். கட்டம் 90 பாகை விலகினாலும் 9 புள்ளிகள்தான். ஆனால் இப்போது ஒரே புள்ளியில் வேறு வேறு எக்ஸார் விடைகள் வந்து அமர்கின்றன. இரைச்சலே இல்லாவிட்டாலும் ரிலே குழம்பும். ஒருவரின் முதல் பிட்டை மற்றவரின் இரண்டாம் பிட்டோடு குறுக்காக எக்ஸார் செய்தால் குழப்பம் தீரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்த 90 பாகைக்குப் பாதை நீளம் சுமார் 3 சென்டிமீட்டர் மாறினாலே போதும். கையிலிருக்கும் போனைச் சற்று நகர்த்தினால், எந்தச் சேர்க்கைக்கு எந்தச் சின்னத்தை அனுப்புவது என்ற ரிலேயின் அட்டவணை மாற வேண்டும்!

வீச்சு விகிதம் √2 ஆகவும் கட்ட விலகல் 45 பாகையாகவும் இருந்தால் நான்கு சின்னங்களும் போதாது, ஐந்து வேண்டும். கோய்கே-அகினோ, போபோவ்ஸ்கி, தாரோக் 2009-இல் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி. சுந்தர் ராஜனும் மாணவர்களும் இதே கேள்வியை லத்தீன் சதுரமாக்கினார்கள். சுடோகு போல எந்த வரிசையிலும் எந்த நிரலிலும் ஒரு சின்னம் இரண்டு முறை வரக்கூடாது. அப்போதுதான் தன் செய்தியை அறிந்தவர் மற்றவரின் செய்தியை மீட்க முடியும். இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் திருப்பம் இது.

ஆனால் எந்த அட்டவணை பயன்பட்டது என்பதை ரிலே இரு முனைகளுக்கும் சொல்ல வேண்டுமே! ஓஎஃப்டிஎம்மில் துணை அலைகளுக்குத் தனித்தனி அட்டவணை தேவைப்படலாம். சொல்லும் செலவைக் கணக்கில் சேர்க்காமல் "இரண்டு மடங்கு வேகம்" என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன்.

ஆகவே கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டம், நேரம், சேனல் மதிப்பீடு பற்றி நீங்கள் வைத்துக்கொண்ட அனுமானங்களை முதல் ஸ்லைடிலேயே சொல்லுங்கள்; அட்டவணையை அறிவிக்க எத்தனை பிட் செலவானது என்பதையும் காட்டுங்கள். கேள்விகளுக்கு நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.