அழுகையை அடக்குவதும் ஆற்றுவதும்



2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த பின், கதவு அறைந்தாலும் முகத்துவாரத்தில் நாங்கள் திடுக்கிட்டோம். ஆனால் அழவில்லை. அழாதிருப்பதே தைரியம் என்று வளர்ந்தவர்கள் நாங்கள்.

வைத்தியர்களான பின்னும் எங்களுக்கு அடக்கத்தான் தெரிந்தது, ஆற்றத் தெரியவில்லை. ஆற்றுவதும் பழகக்கூடியதே. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லைனஹான் வகுத்த குழுப் பயிற்சி வகுப்பறை போன்றது. வாரம் ஒருமுறை கூடுவார்கள், வீட்டுவேலையும் உண்டு. மனதைக் கவனித்தல், துயரைத் தாங்குதல், உணர்ச்சியை நெறிப்படுத்தல், உறவைப் பேணுதல் என நான்கு பாடங்கள். ஒருத்தி தான் தடுமாறியதைச் சொல்லும்போது, தனக்கு மட்டுமல்ல என்று மற்றவளுக்கு விளங்கும்.

நூற்றாண்டு நினைவாக, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு எமது மாணவிகளுக்கு இப்படியொரு வகுப்புத் தொடங்க உதவுவோம். இலங்கையில் இருப்பவர்கள், தாங்க முடியாத வேளையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926ஐ அழையுங்கள். அழைப்பதும் தைரியமே.