ஊழிகளும் உயிர்களும்

(விழா மாலை அமர்வில் ஆற்றிய உரை)

 

தமிழாசிரியனுக்கு நிலவியலில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். நான் செய்த பிழை ஒன்றே என்னை அத்துறைக்கு அழைத்துச் சென்றது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பில் புணர்ச்சி விதிகளை நடத்திக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு அரியலூர்ப் பக்கம் மாமன் வீட்டிற்குச் சென்று வந்த மாணவன் ஒருவன், சுருள் வடிவில் வரிகள் அமைந்த கல்லொன்றை என் மேசைமேல் வைத்து, "ஐயா, இது நத்தையா, கல்லா?" என்று வினவினான். "அதை வெளியே எறிந்துவிட்டுப் புத்தகத்தை எடு" என்றேன். அவனும் எறிந்துவிட்டு வந்து அமர்ந்தான். பணி ஓய்வு பெற்றபின் அருங்காட்சியகம் ஒன்றில் அதே வடிவத்தைக் கண்ணாடிப் பேழைக்குள் கண்டு திகைத்து நின்றேன். அது அம்மோனைட்டு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலில் வாழ்ந்து மறைந்த உயிர். நத்தையன்று, கணவாய்க்கு உறவு. என் மாணவனின் வினாவுக்கு விடை தேடிய முயற்சியே இவ்வுரை.

ஊழி என்னும் சொல் இந்த அவைக்குப் புதிதன்று. அளவிடற்கரிய நெடுங்காலத்தை நம் முன்னோர் அச்சொல்லால் குறித்தனர். நிலவியலார் வகுத்த காலப் பிரிவுகளைத் தமிழில் தந்தோரும் அச்சொல்லையே கைக்கொண்டனர்.

புவியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். இதனை 454 பக்கங்கள் கொண்ட ஒரு நூலாகக் கருதுவோம். பக்கம் ஒன்றுக்கு ஒரு கோடி ஆண்டு. பக்கத்திற்கு முப்பது வரிகள். முதல் 400 பக்கங்கள் ஹேடியன், ஆர்க்கியன், புரோட்டிரோசோயிக் என்னும் மூன்று பேரூழிகளுக்கே உரியவை. 105ஆம் பக்கத்தை ஒட்டி நுண்ணுயிர்கள் படலம் படலமாகக் கட்டிய கற்கள் தோன்றுகின்றன. அவற்றை மேற்கு ஆஸ்திரேலியாவில் இன்றும் காணலாம். 214ஆம் பக்கத்தை ஒட்டி, அத்தகைய நுண்ணுயிர்கள் வெளியிட்ட ஆக்சிஜன் காற்றில் சேரத் தொடங்குகிறது. நாம் விடும் மூச்சு அவை தேடிவைத்த செல்வம்.

401ஆம் பக்கத்தில் கேம்பிரியன் காலம் பிறக்கிறது. அதிலிருந்து ஓடும் எலும்பும் உடைய உயிர்களின் சுவடுகள் பெருகுகின்றன. இங்கிருந்து மூன்று ஊழிகள்: தொல்லுயிரூழிக்கு ஏறத்தாழ 29 பக்கங்கள், இடையுயிரூழிக்கு 19, புத்துயிரூழிக்கு ஏழுக்கும் குறைவு. நம் மனித இனம் முழுவதும் கடைசிப் பக்கத்தின் கடைசி வரியில் அடங்கும். உழவு தோன்றியது அவ்வரியின் இறுதி எழுத்து ஒன்றிரண்டில்.

பிரிவுகள் ஏன் சம அளவில் இல்லை? நம் காப்பியங்களிலும் காண்டங்கள் சம அளவின அல்லவே. கதையின் போக்கு மாறுமிடத்தில் காண்டம் முடிகிறது. புவியின் நூலும் அத்தகையதே. இங்கிலாந்தில் கால்வாய்களுக்கு நிலம் அளந்த வில்லியம் சுமித் என்பவர், ஒவ்வொரு பாறையடுக்கிலும் அதற்கே உரிய உயிர்ச்சுவடுகள் இருப்பதையும், அவற்றின் வரிசை ஊருக்கு ஊர் மாறாதிருப்பதையும் கண்டார். 1815இல் நிலவியல் வரைபடமும் வெளியிட்டார். அவர் வளர்த்த மருமகன் ஜான் பிலிப்ஸ், 1841இல் தொல்லுயிர், இடையுயிர், புத்துயிர் என்ற முப்பெரும் பகுப்பை உயிர்களின் மாற்றங்கொண்டே நிறுவினார். அப்பொழுது எவருக்கும் ஆண்டுக் கணக்குத் தெரியாது. கதிரியக்கத்தால் பாறையின் வயதை அளக்கும் முறை இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தது. ஆண்டு தெரியாமலே எல்லை வகுக்க முடிந்தது. ஏனெனில் எல்லைகளை வரைந்தவை உயிர்களின் தோற்றமும் மறைவும்.

தொல்லுயிரூழி முடிவுற்றது ஏறத்தாழ 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன். சைபீரியாவில் எரிமலைக் குழம்பு பெருக்கெடுத்தது, வெப்பம் மிகுந்தது, கடலில் ஆக்சிஜன் குன்றியது. கடல்வாழ் இனங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்தன. இடையுயிரூழி முடிவுற்றது 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். மெக்சிகோவின் சிக்சுலூப் பகுதியில் விண்கல் மோதியது. டைனோசர்களுள் பறவைக் கிளை ஒன்றே எஞ்சியது. அம்மோனைட்டுகள் அடியோடு மறைந்தன. இன்று வாழும் உயிர் ஒவ்வொன்றும் இவ்வழிவுகளைக் கடந்து வந்த சிலவற்றின் வழித்தோன்றலே.

இந்நூலின் சில பக்கங்கள் நம் ஊர்களைச் சுற்றியே கிடக்கின்றன. செஞ்சிக் குன்றுகளின் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையன; அது 204ஆம் பக்கம். திருவக்கரையின் கல்மரங்கள் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழமையன. அது 452ஆம் பக்கம். வேரும் கிளையும் பட்டையும் இன்றி அடிமரங்கள் மட்டுமே அங்குக் கிடப்பதால், அவை அவ்விடத்தில் வளர்ந்தவையல்ல, வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்று ஆய்வாளர் கருதுகின்றனர். இல்லாத வேரும் ஒரு சான்றாவதை நோக்குங்கள்.

இரண்டுக்கும் இடையே அரியலூர். கிரிட்டேசியஸ் காலத்தில் அங்குக் கடல் அலையடித்தது. 1860களில் ஹென்றி பிளான்ஃபோர்டு அப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். இங்கிலாந்தின் டெவன் மாவட்டம் டிவோனியனுக்கும், ரஷ்யாவின் பெர்ம் நகரம் பெர்மியனுக்கும் பெயர் தந்ததுபோல், நம் ஊர்ப் பெயர்களும் நிலவியல் ஏடுகளில் நிலைபெற்றன. அக்கடலின் சிப்பிகள் செறிந்த சுண்ணாம்புக்கல் இன்று சிமெண்டாகிறது. நம் வீட்டுச் சுவரிலும் அக்கடலின் ஒரு துளி இருக்கக்கூடும். சுரங்கம் பலருக்குச் சோறிடுகிறது. அதை நான் பழிக்கவில்லை. அரைபடும் முன் படிக்கப்பட வேண்டும் என்பதே என் கவலை.

நாம் வாழும் காலப் பிரிவுக்கு மேகாலயன் என்று பெயர். மேகாலயத்தின் மாம்லூ குகையில் வளர்ந்த கற்படிவத்தைச் சான்றாகக் கொண்டு 2018இல் ஏற்கப்பட்ட பெயர் அது. 4,200 ஆண்டுகளுக்கு முன் அது தொடங்குகிறது. மனிதர் பெயரால் புதியதொரு பிரிவு வேண்டும் என்ற முன்மொழிவை 2024இல் நிலவியலார் ஏற்கவில்லை. எனினும் நம் செயல்களால் உயிரினங்கள் மறைந்துவருவதை எவரும் மறுக்கவில்லை. முந்தைய எல்லைகளை வரைந்த எரிமலையும் விண்கல்லும் அறிவற்றவை. நாம் அறிந்தே செய்கிறோம்.

நிறைவாக, என் மாணவனின் கல்லுக்கு வருகிறேன். அது எனக்கு மீண்டும் கிடைத்தாலும் பயன் பாதிதான். எந்த ஊரில், எந்த அடுக்கில் கிடந்தது என்பதே அதன் பக்க எண். அடுக்கிலிருந்து பெயர்த்த சுவடு நூலிலிருந்து கிழித்த தாள். அன்று நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே வினா: "தம்பி, இது எங்கே கிடந்தது?" அவனுக்கு விடை தெரிந்திருக்கும்.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறையில் பிள்ளைகளைத் திருவக்கரைக்கும், அரியலூரை அடுத்த வாரணவாசியிலுள்ள அருங்காட்சியகத்திற்கும் அழைத்துச் செல்லுங்கள். நினைவுக்கென்று ஒரு சில்லையும் பெயர்த்து எடுக்க விடாதீர்கள். வயல்வெளியில் புதியதொரு சுவடு கண்ணில் பட்டால், படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அருங்காட்சியகத்தாருக்குத் தெரிவியுங்கள். உங்கள் பிள்ளை ஒரு கல்லைக் கொண்டுவந்து நீட்டினால், எறியச் சொல்லாதீர்கள். அருகில் அமர்த்தி, நான் கேட்கத் தவறிய அந்த வினாவைக் கேளுங்கள்.