கேத்தி: இரண்டு ஊர்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு

நீலகிரி மலையில் ஊட்டியிலிருந்து குன்னூர் போகும் சாலையில் எல்லநள்ளி வந்ததும், கீழே படிப்படியாக இறங்கும் தோட்டங்கள் கண்ணில் படும். அதுதான் கேத்தி. உலகின் இரண்டாவது பெரிய பள்ளத்தாக்கு என்று சுற்றுலாக்காரர்களிடம் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. அந்தப் பெருமை இல்லாமலே சொல்ல இந்த ஊருக்கு நிறைய இருக்கிறது.

வெள்ளைக்காரர்கள் மலையேறி வருவதற்கு முன்பே கேத்தி பெரிய ஊர். இம்மலையில் வாழும் படுக மக்களின் நான்கு சீமைகளில் ஒன்றான மேக்குநாட்டுக்கு இதுவே தலைமை ஹட்டி, அதாவது தலைமை ஊர்.

1830 வாக்கில், ஆளுநர் லஷிங்டன் காலத்தில், சென்னை அரசு இங்கே ஒரு சோதனைப் பண்ணை அமைத்தது. ஐரோப்பியக் காய்கறியும் பழமும் இந்தக் குளிரில் விளையுமா என்று பார்க்கத்தான். சில ஆண்டுகளிலேயே பண்ணையை மூடிவிட்டார்கள். ஆனால் அங்கே நட்ட தேயிலைச் செடிகள் பட்டுப்போகவில்லை. புதுச்சேரியிலிருந்து வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் பெரோத்தே அவற்றைப் பேணி வளர்த்தார். இன்று மலையையே மூடியிருக்கும் தேயிலையின் ஆரம்பக் கதையில் கேத்திக்கும் பங்குண்டு.

1840-களில் காசமேஜர் என்ற ஓய்வுபெற்ற ஆங்கில அதிகாரி இங்கே குடியேறினார். 1849-ல் அவர் இறந்தபோது அவர் சொத்து பாசல் மிஷன் என்ற கிறித்தவ அமைப்புக்குப் போனது. 1908-ல் குன்னூரோடு நின்றிருந்த மலை ரயில் ஊட்டிவரை நீண்டது; கேத்திக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. 1949-ல் எல்லநள்ளியில் ஊசித் தொழிற்சாலை வந்தது. தையல் பெட்டியில் கிடக்கும் 'போனி' ஊசி இந்தக் குளிரில் பிறந்ததுதான்.

இத்தனை வந்தும் கேத்தி நகரமாகிவிடவில்லை. பேரூராட்சி என்று பெயர். வாழ்க்கை என்னவோ மண்ணோடுதான். கேரட் அறுவடைக்கு ஆட்கள் நள்ளிரவு தாண்டியதுமே கிளம்பிவிடுகிறார்கள். தலையில் டார்ச் கட்டிக்கொண்டு, கொட்டும் பனியில் கேரட்டைப் பிடுங்கித் தழையைக் கிள்ளுகிறார்கள். பிறகு கழுவும் மெஷினில் கொட்டினால் மண்ணெல்லாம் போய்ச் செக்கச்செவேலென்று வெளியே வரும். மூட்டை கட்டி லாரியில் ஏற்றி, மேட்டுப்பாளையம் மண்டியில் ஏலத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நம் வீட்டுப் பொரியலுக்குப் பின்னால் இவர்கள் இழந்த தூக்கம் இருக்கிறது.

2009 நவம்பர் 10-ஐ இங்கே யாரும் மறக்கவில்லை. அன்று காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் கேத்தியில் பெய்தது 82 சென்டிமீட்டர் மழை! சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல். சரிவுகள் பிளந்தன, அச்சனக்கல் போன்ற ஊர்களில் வீடுகள் மண்ணுக்குள் போயின. நீலகிரி மாவட்டம் முழுக்க 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

அதே சரிவுகளில்தான் இப்போது தோட்டங்கள் வீட்டு மனைகளாகின்றன. மழைநீர் இறங்கும் ஓடையை மூடி வீடு கட்டினால் தண்ணீர் வேறு வழி தேடும்; அந்த வழியில் இன்னொருவர் வீடு இருக்கும். கேத்தியில் மனை வாங்க வருகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதற்கு முன், அந்த இடத்தில் நீர் எந்தப் பக்கமாக இறங்கும் என்று அங்கே பயிர் செய்கிறவர்களிடம் கேட்க வேண்டும். அவர்களுக்குத் தெரியும்.