நூலிழையில் ஓர் இனத்தின் வரலாறு: அர்மேனியரின் மரபுடை

(பங்கின் பொன்விழாவையொட்டி மாதர் மன்றக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரு மனிதனுக்கே ஆடை பாதி என்றால், ஓர் இனத்துக்கு அது எவ்வளவு? இக்கேள்விக்கு விடை காண இன்று உங்களை அர்மேனிய நாட்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

நாடும் மக்களும்

அராராத் மலையைக் கண்ணெதிரே கொண்டு வாழும் மக்கள் அர்மேனியர். புனித கிரகோரியாரின் போதனையால் மன்னன் திரிதாத் மனம் மாற, கி.பி. 301-இல் கிறிஸ்தவத்தை அரச சமயமாக ஏற்ற முதல் நாடு என்பது அவர்தம் மரபுவழிப் பெருமை. 405-ஆம் ஆண்டளவில் மெஸ்ரோப் மாஷ்தோத்ஸ் என்னும் துறவி அவர்களுக்குத் தனி எழுத்தை அமைத்துத் தந்தார்.

இம்மக்கள் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர். சென்னை ஜார்ஜ் டவுனில் அர்மேனியன் தெருவும், 1772-இல் எழுந்த அவர்களது ஆலயமும் இன்றும் உள்ளன. துணியும் மணியும் வணிகம் செய்ய வந்தவர்கள் அவர்கள். உலகிலேயே அர்மேனிய மொழியின் முதல் இதழான 'அஸ்தரார்' 1794-இல் வெளிவந்தது சென்னையில்தான். அதனை நடத்தியவர் ஹருத்யூன் ஷ்மாவோன்யான் என்ற குருவானவர்.

ஆடையின் அமைப்பு

அர்மேனியர் தம் மரபுடையை 'தராஸ்' என்பர். அது ஒரே வகையன்று. பாரசீகத்தின் கீழும் பின்னர் ருஷ்யாவின் கீழும் இருந்த கிழக்குப் பகுதிக்கு ஒரு பாங்கு. துருக்கியப் பேரரசின் கீழிருந்த மேற்குப் பகுதிக்கு வேறொரு பாங்கு. கிழக்கத்திய ஆண்கள் இடை இறுகிய நீண்ட மேலங்கியும் ஆட்டுத்தோல் தொப்பியும் அணிந்தனர். மேற்கத்திய ஆண்கள் அகன்ற கால்சட்டையும் பூவேலை செய்த குறுஞ்சட்டையும் அணிந்தனர். பெண்களுக்கு நீண்ட அங்கி, வெள்ளி ஒட்டியாணம், நெற்றியில் வரிசையாக நாணயங்கள். வான் நகரத்து வெள்ளித் தட்டார்கள் இவ்வேலையில் பெரும்புகழ் பெற்றவர்கள்.

காலணியும் கதை சொல்லும். 2008-இல் அரேனி என்னும் ஊரின் குகையொன்றில் ஒரே தோலை மடித்துத் தைத்த ஒற்றைச் செருப்பு கிடைத்தது. அதன் வயது ஏறத்தாழ 5,500 ஆண்டுகள் என்று அறிஞர் கணித்தனர். ஏறக்குறைய அதே பாங்கில் செய்த தோற்செருப்பை அந்நாட்டுச் சிற்றூர் மக்கள் சென்ற நூற்றாண்டு வரை அணிந்து வந்தனர் என்றால் வியப்பன்றோ!

நிறமும் பூவேலையும்

புதுமணப் பெண்ணுக்குச் சிவப்பு; முதியோர்க்கும் கைம்பெண்களுக்கும் கருமை சார்ந்த நிறங்கள். அச்சிவப்பு எங்கிருந்து வந்தது? அராராத் சமவெளியின் உவர்நிலத்தில், புல்லின் வேரைப் பற்றி வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து! இலையுதிர் காலத்தில், விடியற்காலையில் அது நிலத்துக்கு மேலே வரும்போது சேகரிப்பார்கள். 'வொர்தான் கர்மிர்', அதாவது 'புழுவின் சிவப்பு' என்பது அதன் பெயர். துணிக்கு ஏறிய அதே சாயம்தான் கையெழுத்து நற்செய்தி ஏடுகளின் ஓவியங்களிலும் ஏறியது.

மணமான பெண் இடுப்பிலிருந்து முன்புறம் தொங்கும் ஏப்ரன் இன்றி வெளியே வருவது வெட்கக்கேடாகக் கருதப்பட்டது. அதன்மேல் கொடி, மாதுளை, சிலுவை ஆகிய உருவங்களைப் பெண்களே தைத்தார்கள். கழுத்து, கைவிளிம்பு, அடிக்கரை ஆகிய இடங்களில்தான் பூவேலை நெருக்கமாக இருக்கும். ஆடையின் திறந்த இடங்கள் வழியே தீமை உள்ளே நுழையாதிருக்க அது காவல் என்று நம்பினர்.

அவர்களது திருச்சபை வழக்கம் ஒன்றும் உண்டு. திருமுழுக்கின்போது சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய நூலைக் குழந்தையின் கழுத்தில் அணிவிப்பார்கள். ஆண்டவரின் விலாவிலிருந்து வழிந்த இரத்தத்தையும் நீரையும் அது குறிக்கும். ஏழைக் குழந்தைக்கும் செல்வர் வீட்டுக் குழந்தைக்கும் அதே நூல்தான்.

மூடிய வாய்

தாய்மார்களே, ஒன்றை நான் மறைத்துப் பேச விரும்பவில்லை. பல ஊர்களில் புது மருமகள் தன் வாயைத் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். மாமனார் மாமியாரிடம் வாய் திறந்து பேசலாகாது. முதற்குழந்தை பிறக்கும்வரை சிலருக்கு; பல ஆண்டுகள் வரை சிலருக்கு. அந்த மௌனத்துக்குள் அகப்பட்ட பெண்கள் தமக்கென்று ஒரு கைச்சாடை மொழியையே உண்டாக்கிக் கொண்டார்கள். அந்த வாய்த்துணியும் மரபுடையின் ஒரு பகுதிதான். ஆனால் அது மறைந்ததற்காக அர்மேனியப் பெண்கள் வருந்தவில்லை; நாமும் வருந்த வேண்டியதில்லை. பழையது என்பதாலேயே ஒன்று புனிதமாகிவிடாது.

1915-க்குப் பின்

1915-இல் துருக்கியப் பேரரசில் இவ்வினத்தின் மீது பெருங்கொடுமை நேர்ந்தது. பத்து இலட்சத்துக்கும் குறையாதோர் மாண்டனர் என்பது வரலாற்று அறிஞர் பலரின் கணிப்பு. ஊர் ஊராகச் சிரியப் பாலைவனம் நோக்கி விரட்டப்பட்டனர். வீடும் நிலமும் ஆலயமும் பறிபோயின. அலெப்போவிலும் பெய்ரூத்திலும் அகதி முகாம்களில் ஒதுங்கிய விதவைகளுக்கும் அநாதைச் சிறுமியருக்கும் கையிலிருந்த ஒரே செல்வம் ஊசி வேலை. மராஷ் நகரத்துப் பின்னல் தையல், ஐந்தாப் நகரத்து வெள்ளைத்துணி இழையெடுப்பு வேலை, ஊசியால் முடிச்சிடும் லேஸ் இவை அவர்களுக்குச் சோறு போட்டன. லெபனோனில் கஸீர் என்ற இடத்து அநாதைச் சிறுமியர் நெய்த கம்பளம் ஒன்று, 1925-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கூலிட்ஜுக்குக் காணிக்கையாகச் சென்றது.

எண்ணிப் பாருங்கள். மராஷ் நகரில் அந்த மக்கள் இல்லை. ஆனால் மராஷ் தையல் இருக்கிறது. ஊர் போனது, ஊரின் கையெழுத்து போகவில்லை! 2023 செப்டம்பரில் கராபாக் பகுதியிலிருந்து ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட அர்மேனியர் மீண்டும் வீடு துறந்து வெளியேற நேர்ந்ததையும் இங்கே நினைவுகூர்வோம்.

சோவியத் ஆட்சிக் காலத்தில் தராஸ் பெரும்பாலும் நடன மேடைக்கும் அருங்காட்சியகத்துக்கும் உரியதாகிவிட்டது. 1978-இல் சர்தாராபாத்தில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் அவ்வாடைகளை இன்றும் காணலாம். 1991-இல் நாடு விடுதலை பெற்றபின், இளைஞர்கள் திருமணத்திலும் திருவிழாவிலும் அவற்றை மீண்டும் விரும்பி அணிகின்றனர்.

நமக்கு ஒரு பாடம்

இதிலிருந்து நாம் கற்பது யாது? மரபு என்பது பெட்டியில் பூட்டி வைக்கும் பட்டு அன்று. ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்லும் ஊசி. பாட்டி பேத்திக்குக் கற்றுத் தந்ததனால்தான் அது பாலைவனத்தையும் கடந்தது. கற்றுத் தரும்போது வாய்த்துணியை விட்டுவிட்டுப் பூவேலையைத் தந்தார்களே, அந்தப் பகுத்தறிவுதான் இன்னும் சிறப்பு.

ஐம்பது ஆண்டு காணும் இப்பங்கிலும் அப்படிக் கற்றுத் தர வேண்டியவை பல உண்டு. இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பாட்டிமார் அறிந்தவற்றை, பின்வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இந்த ஆண்டே கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். பாட்டிமாரே, எதைத் தருவது, எதை விடுவது என்று தேர்ந்து தாருங்கள்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.